இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம்

அரசாங்கக் காகிதங்களின்படி எனக்கு ஒரே பெண். பிறந்தது இரண்டு. மூத்தவள் ஒன்றேகால் வயதில் போய்விட்டாள். அவள் பிறந்ததற்குப் பதிவு இருக்கிறது, போனதற்குப் பதிவு இல்லை. இளையவள் இருக்கிறாள், அவள் பிறந்ததற்குத்தான் பதிவு இல்லை. மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் நாள் முழுவதும் ஊரார் காகிதங்களைச் சரிபார்க்கும் குமாஸ்தா நான். என் வீட்டுக் காகிதத்தை இப்படி வைத்திருந்தேன்.

இளையவளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று அலைந்த கோடையில்தான் அது என்னைப் பிடித்துக்கொண்டது.

அவள் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். விஞ்ஞானத்தில் நல்ல மார்க். செம்மண்டலத்தில் எங்கள் தெருவில் பெண்களைப் பள்ளிக்கு மேல் படிக்க வைத்தவர்கள் பெரும்பாலும் டீச்சர் ட்ரெயினிங்கில்தான் சேர்த்தார்கள். இரண்டு வருஷம், செலவு குறைவு. அதையே இவளிடமும் சொன்னேன்.

"நாப்பது பேரு முன்னாடி நின்னு பேச எனக்கு வராதுப்பா. குப்பிங்க முன்னாடின்னா எத்தினி நேரம் வேணும்னாலும் நிப்பேன்" என்றாள்.

அவள் சொன்னது மெய். பரீட்சை முடிந்த பிறகு பள்ளிக்கூட லேப்பில் குப்பிகளைக் கழுவி அடுக்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கிருந்து மிச்சம் மீதி சில்வர் நைட்ரேட் கரைசலை ஒரு சின்னப் பழுப்புக் குப்பியில் வாங்கிவந்தாள். ஒரு நாள் காலை எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்துவந்து என் முன்னால் வைத்து, அந்தக் குப்பியிலிருந்து இரண்டு சொட்டு விட்டாள். தெளிவாக இருந்த தண்ணீர் கழுநீர் மாதிரி வெளுத்துக் கலங்கியது. அவள் விட்ட கரைசலும் தண்ணீர் நிறத்தில்தான் இருந்தது. "உப்புப்பா. கடல் உள்ள வருது" என்றாள். அவள் விரல் நுனியில் பட்டிருந்த சொட்டு சாயங்காலத்துக்குள் கறுப்பாகிவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் பத்து நாள் போகவில்லை. அதற்காகத் திட்டினேன். என் மனைவி அந்தக் குப்பியைச் சமையலறைப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

பி.யூ.சி. ஒரு வருஷம், அதன் மேல் பி.எஸ்ஸி. மூன்று வருஷம் என்றால் நான்கு வருஷம் என் சம்பளம் தாங்காது. மெட்ராஸில் பெண்களுக்கான பாலிடெக்னிக் மூன்று வருஷம், விடுதிச் செலவு வேறு. இந்த யோசனையில் இருந்தபோதுதான் என் மனைவியின் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். சிதம்பரம் கீழவீதியில் சைக்கிள் கடை வைத்திருந்தவன். அவனுக்கு எல்லாச் சேதியும் சைக்கிளோடு வந்து சேரும்.

சிதம்பரத்தில் ஒரு தர்ம ஸ்தாபனம் லேப் டெக்னீசியன்களுக்கு இரண்டு வருஷப் படிப்பு நடத்துகிறது, சர்க்கரை ஆலைக்காரனும் சுரங்கத்துக்காரனும் அங்கே வந்து ஆள் எடுக்கிறார்கள், படிப்புக்குக் கட்ட வேண்டிய பணம் சொற்பம், பெண்பிள்ளைகளுக்கு விடுதியில் பாதிதான், இரண்டாம் வருஷம் கையில் ஏதோ உதவித்தொகையும் தருகிறார்கள் என்று அடுக்கினான்.

"காலேஜில போட்டீங்கன்னா நாலு வருஷம் கழிச்சி வேலையும் தேடணும், மாப்பிள்ளையும் தேடணும் மாமா. இதுல ரெண்டே வருஷம். வேலை இருந்தா மாப்பிள்ள தானா சைக்கிள் மிதிச்சிக்கிட்டு வருவான். பஞ்சர் ஆனா என் கடைதான்."

குமாஸ்தா புத்தி, நான் உடனே நம்பவில்லை. விதிமுறைப் புத்தகத்தைக் கடிதம் எழுதி வரவழைத்தேன். அந்தச் சான்றிதழை அரசாங்கம் ஒப்புக்கொள்கிறதா, வாரத்தில் எத்தனை மணி நேரம் கையால் செய்யும் வேலை, எத்தனை நேரம் வெறும் பாடம், பாதியில் நின்றால் கட்டியது திரும்புமா என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விசாரித்தேன். ஒரு சர்க்கரை ஆலைச் சோதனைச் சாலையில் வேலை பார்ப்பவரைப் பிடித்து, அங்கே படித்தவர்கள் எப்படி என்று கேட்டேன். தராசைத் தொடத் தெரிந்தவர்கள், அது போதும் என்றார். என் தாளில் எல்லாக் கேள்விக்கும் நல்ல பதில் வந்துவிட்டது. இதைவிடக் குறைந்த செலவில் இதைவிடச் சீக்கிரம் அவளைக் கரையேற்ற வேறு வழி எனக்கு இல்லை.

ஒரு விதி மட்டும் இருந்தது. அமிலங்களோடு வேலை என்பதால், ஜூலை முதல் தேதி அன்று பதினேழு வயது முடிந்திருக்க வேண்டும். காகிதப்படி அவளுக்கு ஜூனில் பதினேழு முடிந்திருந்தது. உண்மையில் அவளுக்குப் பதினைந்து.

மூத்தவளின் கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். திட்டக்குடியில் என் மனைவியின் உறவில் ஒரு கல்யாணம். போன இடத்தில் குழந்தைக்கு வாந்திபேதி கண்டு, இரண்டே நாளில் முடிந்துவிட்டது. வெள்ளாற்றங்கரையில் புதைத்தோம். அன்றிருந்த நிலையில் யாரும் போய்ப் பதியவில்லை. என் மனைவிக்கு அப்போது வயிற்றில் இரண்டு மாதம். அடுத்தது பிறந்ததும் அவள் வீட்டார் முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்தார்கள். குப்பை என்று அர்த்தம் வரும் ஒரு பெயரை வைத்தார்கள். வேண்டாத பிள்ளை என்று எமன் விட்டுவிடுவானாம். நாலு புத்தகம் படித்திருந்த எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

நான்கு வயது முடிந்ததும் அவளைப் பள்ளியில் சேர்க்க நினைத்தேன். வயது போதாது. உயரமாக இருந்தாள். பெட்டியில் மூத்தவளின் பிறப்புச் சான்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போனேன். ஆசிரியர் அவளை வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார். எக்கித் தொட்டாள். சான்றில் இருந்த தேதியை எழுதினார், சான்றில் இருந்த பெயரையும் எழுதினார். குப்பைப் பெயரும் போயிற்று, இரண்டு வருஷமும் மிச்சம் என்று திருப்தியாக வீட்டுக்கு வந்தேன். நான் எதை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டேன் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

என் மனைவி சண்டை போடவில்லை. "எழுதற பேரு உங்களோடது. கூப்புடற பேரு என்னோடது" என்றாள். பதினொரு வருஷம் அவள் வாயிலிருந்து அந்தக் காகிதப் பெயர் வந்து நான் கேட்டதில்லை.

எஸ்.எஸ்.எல்.சி. வருஷத்தில் பள்ளியிலிருந்து ஒரு துண்டுத்தாள் வந்தது. சான்றிதழ்ப் புத்தகத்தில் பதிய மாணவியின் அங்க அடையாளங்கள் இரண்டு வேண்டும். ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பெண் குளித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்கவில்லை, பெற்றவனுக்குத் தெரியாதா என்று நின்றபடியே எழுதிக் கொடுத்தேன். ஒன்று, இடது காதுக்குக் கீழே ஒரு கறுப்பு மச்சம். இரண்டு, வலது முழங்காலில் ஒரு தழும்பு. தழும்பு மஞ்சக்குப்பம் மைதானத்தில் பள்ளி விளையாட்டுப் போட்டியில் விழுந்தபோது ஏற்பட்டது. மச்சமும் எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான். தோளில் போட்டுத் தட்டும்போது என் கண்ணுக்கு நேராக இருக்கும். எத்தனை நூறு தடவை பார்த்திருப்பேன்.

பள்ளியில் யாரும் சரிபார்க்காமல் அப்படியே ஏற்றிவிட்டார்கள்.

சிதம்பரத்திலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைக் கொண்டுவர வேண்டும், அங்க அடையாளங்கள் நேரில் சரிபார்க்கப்படும் என்று கடைசி வரியில் இருந்தது. புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தைப் படித்தேன். படித்துவிட்டுத் தலை நிமிர்ந்தேன். முன்னறையில் பெண் தலையை வலப்பக்கம் சாய்த்துப் பின்னிக்கொண்டிருந்தாள். காதிலிருந்து தோள் வரை மாசுமருவில்லாமல் இருந்தது.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஆற்றங்கரையில் விட்டுவிட்டு வந்ததை நான் இவள் கழுத்தில் எழுதியிருந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்குப் போய்த் திருத்தச் சொன்னால் ஏன் என்பார்கள். ஏன் என்ற கேள்வி வயதில் போய் முடியும். இந்த இடம் போனால் அடுத்த வருஷமும் வயது போதாது, அதற்கடுத்த வருஷம் வரை அவள் வீட்டில் உட்கார வேண்டும். அதற்குள் யாராவது மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். எவன் இதையெல்லாம் உற்றுப் பார்க்கப் போகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போகிற அன்று விடியற்காலையில் அம்மாவும் பெண்ணும் கொல்லைப்புறம் வெகுநேரம் இருந்தார்கள். பிறகு என் மனைவி அவளை உட்கார வைத்துப் பின்னிவிட்டாள். அப்போது ஒரு தடவை நன்றாகப் பார்த்தேன். கழுத்து வெறுமையாகத்தான் இருந்தது. திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறினோம். அவள் கடல் பக்கத்து ஜன்னலோரம் வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்தாள். வழியெல்லாம் காலை வெயில் அவள் இடது கன்னத்தில் அடித்தது. ஜன்னல் பலகையை இறக்கிவிடட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வந்தது. திட்டக்குடியில் ஓடுகிற அதே ஆறு இங்கேதான் கடலுக்குப் போகிறது. அந்தப் பாலத்தில் நான் எப்போதும் வெளியே பார்ப்பதில்லை. அன்றும் பார்க்கவில்லை.

பயிற்சி நிலையம் ஊருக்கு வடக்கே ஒரு பழைய மாடி வீட்டில் இருந்தது. நடுப்பகலிலும் ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். தராசு அறைக்குக் காற்று ஆகாதாம். நீள மேசைமேல் வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தராசு. இருபது பேர் உள்ளே இருந்தும் ஒரு சத்தம் இல்லை. எல்லாரும் ரகசியம் போலப் பேசினார்கள். தேர்வு நடத்திய அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைப் புடவை. பத்து விரல்களின் நுனியும் கறுத்துப்போயிருந்தன, தீயில் வாட்டியவை போல. என்னைச் சுவரோரம் நிற்கச் சொல்லி, "மூச்ச மெதுவா விடுங்க சார், முள்ளு ஆடும்" என்றார்.

என் பெண்ணிடம் ஒரு சின்னத் தாள் துண்டைக் கொடுத்து எடை போடச் சொன்னார். போட்டாள். கை நடுங்கவில்லை. பிறகு அந்தத் தாளில் பென்சிலால் அவள் பெயரை எழுதி மறுபடி எடை போடச் சொன்னார். எழுதினாள். காகிதப் பெயர். இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்துக் கண்ணாடியை இறக்கினாள். முள் முன்பு நின்ற இடத்தில் நிற்கவில்லை. மயிரிழை தள்ளி நின்றது.

"என்ன வித்தியாசம்?" என்றார் அந்த அம்மாள்.

"பேரோட எடை, மேடம்."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது.

அடுத்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பிரித்தார். பாவாடையைச் சற்றே தூக்கச் சொல்லி முழங்கால் தழும்பைப் பார்த்தார், சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். பிறகு எழுந்து போய் அவள் பின்னலை ஒதுக்கி, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அந்தக் கறுத்த கட்டைவிரலால் காதுக்குக் கீழே ஒரு தடவை தடவினார்.

"இருக்கு" என்று சொல்லி இன்னொரு கோடு போட்டார்.

நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. கடுகளவு. காதுமடலிலிருந்து இரண்டு விரற்கடை கீழே, கொஞ்சம் பின்னால் தள்ளி. அதே இடம். என் இடது தோளில் ஏதோ சாய்ந்த மாதிரி பாரம் இறங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் முள் ஆடியது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இடம் கிடைத்துவிட்டது என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். மச்சான் தன் சைக்கிள் கடையில் காராசேவும் காபியும் வாங்கிவைத்துக் காத்திருந்தான். நான் சாப்பிடவில்லை. திரும்பும் ரயிலில் அவள் எதிரில் உட்கார்ந்தாள். பாலத்தில் சக்கரச் சத்தம் மாறியதும் அவள்தான் ஆரம்பித்தாள்.

"பாத்துட்டீங்களாப்பா?"

"என்னது அது?"

"சில்வர் நைட்ரேட். வெக்கறப்ப தண்ணி மாதிரிதான் இருக்கும். வெயில்ல பட்டா தானா வரும்."

அதற்குத்தான் ஜன்னலோரம். புத்தகம் கையில் வந்த அன்றைக்கே அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு இரண்டு கண்ணாடிகளை வைத்துக் கழுத்தில் தேடினாளாம். இல்லாததால் அம்மாவைக் கேட்டாளாம். மூத்தவள் ஒருத்தி இருந்ததே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

"எடம் எனக்கு எப்டித் தெரியும்? அம்மாதான் வெரல வெச்சிக் காட்டினாங்க. தீக்குச்சியில தொட்டு நான் வெச்சன். இன்னும் கொஞ்சம் கீழ, இன்னும் கொஞ்சம் பின்னாலன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அப்பறம் குச்சிய வாங்கி அவுங்களே வெச்சாங்க."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க மட்டும் சொன்னீங்களா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜூலையில் விடுதியில் சேர்ந்தாள். இரண்டாம் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவாள். மேல்தோல் உரிந்ததும் மச்சம் மங்கிவிடும். பரீட்சைக்குப் பரீட்சை அடையாளம் பார்ப்பார்கள் என்பதால் வரும்போதெல்லாம் புதுப்பித்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை கொல்லைப்புறத்தில் அம்மா அவளுக்கு எண்ணெய் வைத்துச் சீவுவாள். முடித்துவிட்டுக் குப்பியைத் திறப்பாள். சமையலறைப் பக்கம் வரக் கூடாது என்று அவளே சொன்ன குப்பி இப்போது சாமி மாடத்தில் குங்குமச் சிமிழுக்குப் பின்னால் இருந்தது. வைத்துவிட்டு வெயிலில் உட்கார்ந்து, அது மெல்ல மெல்ல நிறம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தயிர் உறைகிறதா என்று பார்ப்பது போல அத்தனை நிதானமாக.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் முதல்முறையாகக் கேட்டேன். நான் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கொல்லையிலிருந்து என் மனைவியின் குரல், மூத்தவளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. கொஞ்சலான குரல், சின்னக் குழந்தையைக் கூப்பிடுகிற குரல். "என்னம்மா" என்று ஒரு குரல் பதில் சொன்னது.

அது என் இளைய பெண்ணின் குரல்தான். அது தெரிந்தும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு குப்பைப் பெயர் வீட்டில் கேட்கவில்லை. மூத்தவள் பாலில் சர்க்கரை போட்டால் துப்பிவிடுவாள், பனங்கற்கண்டு போட்டால்தான் குடிப்பாள். இளையவளுக்குப் பனங்கற்கண்டு வாசனையே ஆகாது. இப்போது அவள் வரும் நாட்களில் பாலில் பனங்கற்கண்டு விழுந்தது. அவளும் மறுக்காமல் குடித்தாள். பிடிக்கிறதா என்று ஒருநாள் தனியாகக் கேட்டேன். "அம்மாவுக்குச் சந்தோஷமா இருக்குதுல்ல" என்றாள். அந்தப் பதில் எனக்குத் திருப்தியாக இல்லை. நான் கேட்டது அதை அல்ல.

என் மனைவி சந்தோஷமாக இருந்தாள் என்பது நிஜம். இத்தனை வருஷத்தில் அவள் பாட்டு முணுமுணுத்து நான் கேட்டதில்லை. அதைக் கெடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அரிசிக்காக வரிசையில் நிற்கும்போதும், ஆபீசில் பிறப்புப் பதிவேடு எதையாவது பிரிக்கும்போதும் ஒரே நினைப்பு. இருக்கிறவளை நான் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் தேதியைக் கொடுத்தேன், பிறகு பெயரை, பிறகு கழுத்தில் ஓர் இடத்தை. இனி என்ன மிச்சம்?

இரண்டாம் வருஷம் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. மாசி மாதம் ஒருநாள் லீவு போட்டுவிட்டு, வீட்டில் சொல்லாமல் சிதம்பரம் போனேன். அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, சான்றைத் திருத்தி, இருக்கிறவளை இருக்கிறவளாகவே எழுதிவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன்.

தராசு அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார். தாழ்ந்த குரலில், வெள்ளாற்றங்கரையில் தொடங்கித் தீக்குச்சி வரை சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும் தன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்துவைத்தார்.

"இதுவும் அதுதான் சார். மச்சத்தையும் இதையும் எனக்குப் பிரிச்சித் தெரியாதா? அன்னைக்கே தெரியும். புத்தகத்துல மச்சம்னு இருந்துது, கழுத்துல மச்சம் இருந்துது. கோடு போட்டேன். தராசுல அவ கை நின்னதை நான் முன்னாடியே பாத்துட்டேன்."

வயது விஷயத்தைத் திரும்பச் சொன்னேன்.

"அது இப்பதான் நீங்க சொல்லி எனக்குத் தெரியுது. சொல்லிட்டீங்க, நான் எழுதணும்னா எழுதறேன். எழுதினா அவ நாளைக்கு மூட்டை கட்டணும். கடைசிப் பரீட்சைக்கு ரெண்டு மாசம் இருக்குது. நீங்களே சொல்லுங்க சார், எழுதவா?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் என் பெண் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையை அடுப்பின் மேல் நீட்டி எதையோ பிடித்தபடி அசையாமல் நின்றாள். வேண்டாம் என்றேன். இரண்டு வருஷம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனவன் ஒரே வார்த்தையில் திரும்பிவிட்டேன்.

எழுந்திருக்கும்போது, இனியாவது இங்கிருக்கும் சில்வர் நைட்ரேட் அவள் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

"தீபாவளிக்கு முன்னாடியே பூட்டிட்டேன். வெல ஜாஸ்தி. எடை போட்டுக் கொடுத்து எடை போட்டு வாங்கறேன். அவ ஒரு சொட்டு வெளிய கொண்டு போவல, அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

ரயிலில் அதைத் திரும்பத் திரும்ப நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அவள் வந்திருந்தாள். மச்சம் கறுகறுவென்று இருந்தது. அப்படியானால் வீட்டுக் குப்பி. வந்ததும் சாமி மாடத்தில் கையை விட்டேன். குங்குமச் சிமிழுக்குப் பின்னால் அது இருந்தது. மூடி இறுகிப் போயிருந்தது. திருகித் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. அடியில் கறுப்பாக ஒரு படலம், அதன் மேல் தூசி. வெகுநாளாகக் காய்ந்து கிடக்கிற குப்பி.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை வரை காத்திருந்தேன். வந்தாள். கையில் பரீட்சைக்கான படிவம். முன்னறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து அதை நீட்டினாள். மச்சம் இருந்தது.

"கடைசியா எப்ப வெச்சீங்க?" என்றேன்.

"பொங்கலுக்கு முன்னாடியே தீந்து போச்சிப்பா. அப்பறம் அந்தக் குப்பியத் தொறக்கவே இல்ல. தலை சீவறப்ப அம்மா வேற ஏதோ வெக்கறாங்கன்னு நெனச்சிக்கிட்டேன்."

சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த என் மனைவி, திரும்பாமலே பதில் சொன்னாள்.

"நான் எதுக்கு வெக்கறேன்? பொறந்ததுலேர்ந்து இருக்கறதுதானே."

பால் பொங்கி அடுப்பில் விழுந்த சத்தம் கேட்டது. நான் மெல்ல அந்த அம்மாளின் விரல்களைப் பற்றிச் சொன்னேன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பட்டால் உள்தோல் வரை இறங்கித் தங்கிவிடுமோ என்னவோ, அவர் விரல்கள் அப்படித்தான் இருக்கின்றன என்றேன்.

"ஆமாம்பா. வெள்ளி உள்ள போயி தங்கிடும். அப்டித்தான் இருக்கும்" என்றாள். படித்த பெண், அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அப்படிச் சொன்னபோது அவள் கை கழுத்துப் பக்கம் போகவில்லை. நானும் அங்கே பார்க்கவில்லை.

படிவத்தைப் பிரித்தேன். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பார்த்து எழுதினேன். அங்க அடையாளங்கள் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொய்யாக இருந்த வரி இப்போது பொய் இல்லை.

"முழங்காலக் காட்டு" என்றேன்.

"என்னப்பா, நேர்முகமா?" என்று சிரித்தாள். சிரித்தபடியே பாவாடையைச் சற்று ஒதுக்கினாள். முதலில் எனக்கு எதுவும் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தேன். அவளும் குனிந்து தேடினாள். பிறகு அவளே விரல் வைத்துக் காட்டினாள். வலது முழங்காலில், சில்லுக்குச் சற்றுக் கீழே, புளியங்கொட்டை அளவில் தோல் மட்டும் கொஞ்சம் பளபளத்தது. ரொம்ப மங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். தட்டுப்பட்டது. அன்று மைதானத்திலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரை நடந்தவன் நான். சட்டை முழுக்க ரத்தம். அது இவளுடைய ரத்தம்.

புத்தகத்தில் உள்ள வரிசைப்படிதான் படிவத்தை நிரப்ப வேண்டும். மாற்றி எழுதியவர்களின் படிவங்களை ஆபீசில் நானே எத்தனையோ தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒன்று என்ற எண்ணுக்கு எதிரே, வலது முழங்காலில் ஒரு தழும்பு என்று எழுதினேன். மச்சத்தை இரண்டாவதாக எழுதினேன்.

சமையலறையிலிருந்து என் மனைவி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், பால் ஆறுகிறது என்று.

"வரேம்மா" என்று எழுந்து போனாள் என் பெண். மை காய்கிற வரை படிவத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.